வீட்டுக்குள் ஓர் இருப்புப்பாதை

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு மும்பை, டெல்லி, அகமதாபாத், கொல்கத்தா என்று குடியேறிய நம் குடும்பங்களுக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு சாதாரணமானதன்று. கோடை விடுமுறை என்றாலே நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "டிக்கெட் உறுதியாகிவிட்டதா?" என்பதுதான். இரண்டு இரவுகள் ரயிலில் உறங்கி எழுந்து, கட்டுச்சோறு உண்டு, ஜன்னலோரத்திற்குச் சண்டையிட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். ஊர் என்பது அவர்களுக்கு முதலில் ஒரு ரயில் நிலையமாகவே அறிமுகமாகிறது.

அந்த ரயிலை ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையாக அல்லாமல், தண்டவாளம், பாயிண்ட், சிக்னல், நடைமேடை, பெயர்ப்பலகை அனைத்தும் உடைய சிறியதோர் உலகமாக உங்கள் வீட்டிலேயே அமைக்க முடியும். பெரிய வீடும் பெரும் பணமும் உள்ளவர்களுக்கே இது கைகூடும் என்று எண்ண வேண்டாம். ஒரே அறையில் வாழும் குடும்பத்திற்கும் ஏற்ற வழி உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொம்மையிலிருந்து கலையாக

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று மும்பையின் போரி பந்தரிலிருந்து தாணேக்குப் புறப்பட்டது. தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஐரோப்பாவில் ரயில் பரவிய காலத்திலேயே அதன் சிறிய உருவங்களும் தோன்றின. 1891இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில், ஒரே அளவில் அமைந்த தண்டவாளங்களையும் அவற்றில் ஓடும் ரயில்களையும் காட்சிக்கு வைத்தது. 1920இல் இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி தம் பெயரிலேயே ரயில்களை விற்கத் தொடங்கினார். பொம்மையாகப் பிறந்தது, காலப்போக்கில் தச்சு வேலை, மின்சாரம், ஓவியம், சரித்திரம் ஆகிய பலவும் கலந்த கைத்தொழிலாக வளர்ந்தது.

இதில் விளையும் அறிவு சிறிதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் 1946இல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் கழகத்தைத் தொடங்கினர். தண்டவாளங்களின் கீழே ஆயிரக்கணக்கான கம்பிகளையும் தொலைபேசி ரிலேக்களையும் இணைத்துப் பழகிய மாணவர்களே, பின்னர் கணினி உலகின் முன்னோடிகளுள் இடம்பெற்றனர். 'ஹேக்' என்னும் சொல்லுக்கு இன்றுள்ள கணினிப் பொருள் பரவியதிலும் அக்கழகத்திற்குப் பங்கு உண்டு.

நம் நாட்டில் புனே நகரின் கோத்ருட் பகுதியில் பாவ் ஜோஷி என்பவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய மாதிரி ரயில் பணி, 1998இல் ஓர் அருங்காட்சியகமாகவே திறக்கப்பட்டது. மும்பைவாசிகள் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துச் சென்று வரலாம். டெல்லியில் உள்ளவர்களுக்கு சாணக்கியபுரியில் 1977இல் தொடங்கிய தேசிய ரயில் அருங்காட்சியகம் உண்டு. சென்னை வழியாக ஊருக்குச் செல்வோர் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் அருகே 2002இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தைக் காணலாம்.

அளவுதான் முதல் பாடம்

வேலையைத் தொடங்குமுன் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். உலகில் மிகுதியாகப் பயன்படுவது 'எச்.ஓ.' அளவு. உண்மைப் பொருளில் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அடுத்தது 'என்' அளவு. 160இல் ஒரு பங்கு, இடைவெளி 9 மில்லிமீட்டர். இடம் குறைவு என்பதற்காகப் பலர் 'என்' அளவை நாடுவர். ஆனால் சிறு பிள்ளைகளின் விரல்களுக்கு எச்.ஓ. அளவே ஏற்றது. தடம் புரண்ட சக்கரத்தை அவர்களே எடுத்து வைக்க முடியும்.

ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எச்.ஓ. தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள மேனாட்டுப் பாதையைக் கணக்கிட்டு அமைந்தது. நமது அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். சரியாகக் குறுக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும். ஆகவே இந்திய ரயிலை எச்.ஓ. தண்டவாளத்தில் ஓட்டும்போது பாதை சற்றே ஒடுங்கியிருக்கும். பெரும்பாலோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. நீங்களும் பொருட்படுத்த வேண்டாம்.

பொருட்படுத்த வேண்டியது நீளத்தை. நம் பழைய நீல நிறப் பெட்டி ஒன்று இணைப்புகளோடு சுமார் 22.3 மீட்டர். 24 பெட்டிகள் கொண்ட ரயில் 535 மீட்டர். அதை 87ஆல் வகுத்தால் ஆறு மீட்டருக்கும் மேல்! நம்மில் பலருடைய வீட்டின் வாசலிலிருந்து பின்சுவர் வரை அளந்தாலும் அவ்வளவு வராது. 2023இல் திறக்கப்பட்ட ஹூப்ளி நிலையத்தின் 1,507 மீட்டர் நடைமேடையைச் செய்ய நினைத்தால், சுருக்கிய பின்னும் 17 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். வகுத்தல் கணக்கை வெறுக்கும் பிள்ளையும் இதை விரும்பிச் செய்வதைக் காண்பீர்கள்.

இதனால் நாம் கற்பது ஒன்று: முழு ரயில்வேயையும் வீட்டுக்குள் கொண்டுவர இயலாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்தெடுக்க வேண்டும்.

வட்டமா, அலமாரிப் பலகையா?

ரயில் என்றால் வட்டமாகச் சுற்ற வேண்டும் என்றே எல்லாரும் எண்ணுவர். எச்.ஓ. அளவில் ஒரு வட்டத்திற்கு ஏறத்தாழ 18 அங்குல ஆரம் தேவை. அதைவிடக் குறுகினால் நீண்ட பயணிகள் பெட்டிகள் வளைவில் தடம் புரளும். 18 அங்குல ஆரம் என்றால் வட்டம் மூன்று அடி. ஓரங்களையும் சேர்த்து நான்கு அடி அகலப் பலகை வேண்டும். கடைகளில் விற்கும் எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகை முழுவதும் அதற்கே போய்விடும். அதைப் போட்டபின் நாம் படுப்பது எங்கே?

ஒரு தடத்தின் மேல் மற்றொரு தடம் பாலத்தில் செல்ல வேண்டும் என்ற ஆசையும் இப்படியே. கீழே ரயில் போக ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நூற்றுக்கு மூன்று என்ற ஏற்றமே இன்ஜினுக்குப் பெரும் பாரம். அதன்படி ஏழரை சென்டிமீட்டர் ஏற இரண்டரை மீட்டர் பாதை தேவை. இறங்குவதற்கு இன்னொரு இரண்டரை மீட்டர். நீலகிரி மலை ரயில் சுமார் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற செங்குத்தில் ஏறுகிறதே என்று கேட்கலாம். அது நடுவில் உள்ள பல்சட்டத்தைப் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறுகிறது. வெறும் தண்டவாளத்தில் அது நடவாது.

ஆகவே சிறிய வீட்டுக்கு உகந்தது, சுவரோரமாக வைக்கும் ஆறு அடி நீளம், ஓர் அடி அகலமுள்ள பலகை. இதில் ரயில் சுற்றாது. பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலை மட்டுமே நடக்கும். "இதில் என்ன சுவை?" என்று கேட்பவர்களுக்கு ஆலன் ரைட் என்னும் ஆங்கிலேயர் வகுத்த 'இங்கிள்நுக் சைடிங்ஸ்' என்ற அமைப்பு நல்ல பதில்.

அதில் மூன்று தடங்கள். ஒன்றில் ஐந்து சரக்குப் பெட்டிகள் நிற்கலாம். மற்ற இரண்டில் மும்மூன்று. மறுமுனையில் இன்ஜினும் மூன்று பெட்டிகளும் மட்டும் நிற்கும் அளவுக்கு ஓர் இழுப்புப்பாதை. பாயிண்டுகள் இரண்டே. மொத்தம் எட்டுப் பெட்டிகள். எட்டுச் சீட்டுகளைக் குலுக்கி ஐந்தை எடுங்கள். சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்து பெட்டிகளையும் நீண்ட தடத்தில் நிறுத்த வேண்டும். இதுவே ஆட்டம். எட்டில் ஐந்தை வரிசைப்படுத்தும் வழிகள் 6,720. ஒரு நாளைக்கு ஒன்று என்று ஆடினாலும் பதினெட்டு ஆண்டுகளுக்குத் தீராது! வட்டத்தில் சுற்றும் ரயில் ஒரு வாரத்தில் சலித்துவிடும், இது சலிக்காது. எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுத் தாத்தாவும் சமமாக உட்கார்ந்து ஆடலாம்.

பலகையும் தண்டவாளமும்

நம்மில் பெரும்பாலோர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் விடமாட்டார். அடிக்கடி வீடு மாற்றவும் வேண்டும். ஆகவே ஆறு அடிப் பலகையை மூன்றரை அடி, இரண்டரை அடி என்று இரண்டாகச் செய்து, திருகாணி போல்ட்டுகளால் இணையுங்கள். பாயிண்டுகள் இரண்டும் பெரிய பலகையிலேயே முழுமையாக அமையட்டும்; இணைப்பு பாயிண்டின் நடுவே வந்தால் ஓயாத தொல்லை. ஆட்டம் முடிந்தபின் பலகைகளைக் கழற்றிப் பீரோவின் மேலோ கட்டிலின் கீழோ வைத்துவிடலாம். வீடு மாறும்போது டெம்போவில் அதுவும் ஏறிவிடும்.

9 அல்லது 12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். அதன் கீழே மரச்சட்டம் அடிக்க வேண்டும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று ஊர்களில் பலகை வளையும். இருபுறமும் ஓரங்களிலும் பெயின்ட் அடித்தால் ஈரம் ஏறாது. தண்டவாளம் வாங்கும்போது நிக்கல் சில்வர் என்னும் கலப்பு உலோகத்தாலான தண்டவாளமா என்று கேளுங்கள். இரும்புத் தண்டவாளம் மலிவு. ஆனால் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். டெல்லி, நாக்பூர் போன்ற வெயில் ஊர்களில் இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். உண்மை ரயில்வேயைப் போலவே இங்கும் உலோகம் விரியும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டு அறிவார்கள்.

மின்சாரம்: கவனம் தேவை

இன்ஜின் 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடுகிறது. ஒரு தண்டவாளத்தின் வழியே மின்சாரம் வந்து, சக்கரத்தின் மூலம் மோட்டாருக்குள் புகுந்து, மறு தண்டவாளத்தின் வழியே திரும்புகிறது. கட்டுப்பாட்டுக் கருவியில் வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். நேர்முனை எதிர்முனையை மாற்றினால் ரயில் பின்னோக்கிச் செல்லும். நெளிந்த ஊசியோ சாவியோ இரு தண்டவாளங்களையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். நாம் சொன்ன அமைப்பில் குறுக்குமுனை பிளாஸ்டிக்காலான பாயிண்டுகளை வாங்கி, இழுப்புப்பாதையின் பக்கமிருந்து மின்சாரம் கொடுத்தால் இரண்டே கம்பிகள் போதும்.

பெற்றோரே, இதில் விளையாட்டில்லை. வீட்டின் 230 வோல்ட் மின்சாரம் எந்த நிலையிலும் பலகையின் கீழே வரக்கூடாது. தரச் சான்று பெற்ற அடாப்டர் சுவர்ப் பிளக்கிலேயே இருக்க வேண்டும். அங்கிருந்து வரும் 12 வோல்ட் கம்பி மட்டுமே பலகைக்கு வரலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மரைத் திறந்து சரிசெய்யும் முயற்சி வேண்டாம். சால்டரிங் வேலையைப் பெரியவர்களே ஜன்னலருகில் செய்ய வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில், சிறு சக்கரங்களும் திருகாணிகளும் அதன் கைக்கு எட்டாமல் இருப்பது அவசியம்.

ரயில் தயங்கித் தயங்கி ஓடினால் இன்ஜினைக் குறை சொல்ல வேண்டாம். பத்தில் ஒன்பது முறை குற்றம் தூசியே. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, மின்சாரத்தை நிறுத்தியபின் தண்டவாளத்தைத் துடைத்தால் போதும்.

சமையலறையிலிருந்து ஒரு நிலப்பரப்பு

இன்ஜினையும் தண்டவாளத்தையும் வாங்கித்தான் ஆக வேண்டும். மற்றவற்றில் பெரும்பகுதி வீட்டிலேயே கிடைக்கும். கொதித்து வடிகட்டிய தேயிலைத் தூளை நன்றாகக் காயவைத்தால் செம்மண் தரை. மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்தால் புல். சலித்த மணல் தண்டவாள ஜல்லி. அதனைத் தூவி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் மறுநாள் கல்லாகிவிடும். பாயிண்டின் அசையும் பகுதியில் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குன்றுக்குத் தெர்மோகோல் நல்லது. ஆனால் கரைப்பான் கலந்த பசையும் ஸ்பிரே பெயின்ட்டும் அதனை உருக்கிவிடும். நீர் கலந்த பசையும் வண்ணமுமே ஏற்றவை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடாகும் என்பதால் கையை அதனுள் வைத்திருக்கக் கூடாது. மீந்த பிளாஸ்டரைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். குழாயினுள் இறுகினால் கீழ்வீட்டாரோடும் சண்டை வரும்.

சரக்குப் பெட்டிகளுக்குச் சக்கரங்களையும் இணைப்புக் கொக்கிகளையும் மட்டும் வாங்கி, உடலைச் செருப்புப்பெட்டி அட்டையில் செய்யலாம். நம் நிலக்கரி வேகன் ஒன்றின் உடல் இந்த அளவில் சுமார் பதினொரு சென்டிமீட்டர் நீளம், மூன்றரை சென்டிமீட்டர் அகலம் வரும். அட்டை மிகவும் இலேசானது. உள்ளே பழைய நட்டுகளை ஒட்டிச் சுமார் 90 கிராம் எடை வரச் செய்தால் தடம் புரளாது.

எந்த ஊர் நிலையம்?

இங்கேதான் பல வீடுகளில் வழக்கு எழும். தகப்பனுக்குத் திருநெல்வேலிப் பக்கத்து நிலையம் வேண்டும். மகனுக்கு மும்பை லோக்கல் ஓடும் நிலையம் வேண்டும். இருவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. பிள்ளைகளுக்கு நகரமே சொந்த ஊர். அதை மறுப்பது தகாது. பலகையின் ஒரு பாதியை நகரமாகவும் மறுபாதியை ஊராகவும் அமைத்துவிடுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவேதானே நம் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன?

ஊர்ப் பாதியைச் செய்வதற்குமுன் தாத்தாவையும் பாட்டியையும் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளைகளே கேட்கட்டும். நிலையத்தில் என்ன மரம் நின்றது? வேம்பா, புளியா? தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம்? மீட்டர்கேஜ் காலத்தில் வண்டி எத்தனை மணிக்கு வரும்? 1992இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தில் மீட்டர்கேஜ் பாதைகள் பெரும்பாலும் அகலப்பாதைகளாகிவிட்டன. பழைய நிலையங்கள் பல இடிக்கப்பட்டு உருமாறிவிட்டன. அவற்றின் தோற்றம் முதியோரின் நினைவில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. "சாப்பிட்டாயா? நன்றாகப் படிக்கிறாயா?" என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துபோகும் தொலைபேசிப் பேச்சு, இதனால் அரைமணி நேரம் நீளும். கேட்பதற்கு நமக்கும் சொல்வதற்கு அவர்களுக்கும் இன்னும் எத்தனை ஆண்டுகள் உண்டு என்று யார் அறிவார்?

கடைசியாகப் பெயர்ப்பலகை. மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்து. தமிழ்நாட்டு நிலையங்களில் தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் ஊரின் பெயர் இருக்கும்; கடல் மட்டத்திலிருந்து உயரமும் எழுதப்பட்டிருக்கும். மும்பையில் பிறந்த நம் பிள்ளைகள் பலர் ஹிந்தியையும் ஆங்கிலத்தையும் தடுமாறாமல் எழுதுவர். தமிழ் பேசுவர், ஆனால் எழுதத் தெரியாது. பாடப்புத்தகத்தை நீட்டினால் முகம் சுளிக்கும் பிள்ளைக்கு, இந்தப் பலகையை எழுதும் பொறுப்பைக் கொடுங்கள். தாத்தாவின் ஊரின் பெயரைத் தன் கையால் தமிழில் எழுதட்டும். ஐந்தாறு எழுத்துகள்தாம்; ஆயினும் அவை அவனுக்கு மறக்காது.

பணமும் பொழுதும்

இப்பொழுதுபோக்கு பணத்தை விழுங்கக்கூடியது. இன்ஜின்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. விலை ஆயிரங்களில் இருக்கும். ஆகவே முதலிலேயே கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தொகையை நிச்சயித்துக்கொள்ளுங்கள். கடன் அட்டையிலோ தவணையிலோ ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் ஓர் இன்ஜின், இரண்டு பாயிண்டுகள், சில தண்டவாளத் துண்டுகள், ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, இவ்வளவே. இன்ஜின் வாங்கப் பணம் சேரும்வரை பலகையும் குன்றும் அட்டைப் பெட்டிகளும் வளரட்டும். சேமிப்பின் அருமையைப் பிள்ளைகள் கற்பதற்கு இதுவும் ஒரு வழி.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கென்று தொடங்கிய வேலையைத் தாமே பிடுங்கிக்கொண்டு, "தொடாதே, கெட்டுப்போகும்" என்று அதட்டுகிறவர்கள் உண்டு. அவ்வாறு செய்தால் அழகிய பலகை ஒன்று மிஞ்சும். பிள்ளை தொலைக்காட்சிக்கோ கைப்பேசிக்கோ போய்விடுவான். மகன் ஒட்டிய மரம் சாய்ந்திருந்தால் சாய்ந்தே நிற்கட்டும். மகளின் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுங்கள்; வயரிங் வேலை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் வேண்டாம். தாய்மாரும் சீட்டுக் குலுக்க வந்து உட்காருங்கள்.

இரவுப் பணிக்கும் நீண்ட ரயில் பயணத்திற்கும் நடுவே பிள்ளைகளோடு பேச நேரமில்லை என்று வருந்தும் குடும்பங்கள் நகரங்களில் ஏராளம். வாரத்தில் ஒரே ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கினால், ஆறு மாதங்களுக்குள் பலகை உருப்பெறும். கைகள் வேலை செய்யும்போது வாய் தானாகப் பேசும். பள்ளியில் நடந்தது, நண்பனோடு உண்டான மனத்தாங்கல், தேர்வின் பயம் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கேள்வி கேட்காமலே வெளிவரும்.

இந்த மாதம் பலகை கூட வாங்க வேண்டாம். ஒரு செய்தித்தாளை ஆறு அடி நீளத்திற்கு ஒட்டித் தரையில் விரித்து, பென்சிலால் மூன்று தடங்களை வரைந்து, தீப்பெட்டிகளைப் பெட்டிகளாக வைத்து, சீட்டுக் குலுக்கி ஆடிப் பாருங்கள். உங்கள் வீட்டார் அதை விரும்புகிறார்களா என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். விரும்பினால் அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பிளைவுட் கடைக்குச் செல்லுங்கள்.